கன்னியப்பன் பேண்ட் இறுகிய கதை

மூலக்குளம் கன்னியப்பனை 1979-க்கு முன்னால் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் வேறு எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு உடம்பு. தொண்ணூற்று நாலு கிலோ. வில்லியனூர் ரோட்டில் அவர் சைக்கிளில் வந்தால் சைக்கிள்தான் முனகும், அவர் முனகமாட்டார்.

பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே, பதினேழு வயதில் மில்லுக்குள் போனவர். அப்போது ஒல்லிப்பிச்சான். தறிகளுக்கு நடுவில் ஓடி ஓடி வேலை பார்த்து, படிப்படியாக மேஸ்திரி ஆனார். மேஸ்திரி ஆனதும் ஓட்டம் நின்றது, வயிறு வளர ஆரம்பித்தது. காலையில் பேக்கரி ரொட்டி, பத்து மணிக்கு வடை, மத்தியானம் ஒரு படிச் சோறு என்று வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை மில்லில் கொடுக்கிற காக்கித் துணியில் மற்றவர்களுக்கு இரண்டு பேண்ட் வரும், இவருக்கு ஒன்றுதான் வரும். அதில் அவருக்குப் பெருமை வேறு. "நான் போடற துணியில ரெண்டு பேர் குடும்பம் நடத்தலாம்" என்பார்.

அந்தப் பெருமை ஒரு புரட்டாசி மாதத்தில் போயிற்று. காலில் ஆணி குத்திய புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை என்றார். மாத்திரை கொடுத்தார், எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார். கன்னியப்பன் பயந்து போனார். மில்லில் சர்க்கரையில் கால் போன ஒருவரை அவர் பார்த்திருந்தார். டாக்டரம்மா சொன்னதை ஒரு சொல் தவறாமல் செய்தார். அடுத்த சித்திரைக்குள் எழுபது கிலோவுக்கு வந்துவிட்டார். புண் ஆறியது. டாக்டரம்மாவுக்கு மகிழ்ச்சி. "இப்படியே இருங்க, போதும்" என்றார்.

உடம்பு தேறிவிட்டது. தொல்லை டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஆறு பேண்ட், ஒன்பது சட்டை, எல்லாம் பழைய கன்னியப்பனுக்குத் தைத்தவை. புதிய கன்னியப்பன் அவற்றுக்குள் புகுந்தால் கொடியில் காயப்போட்ட துணி நடந்து வருவதுபோல இருந்தது. பெல்ட் கட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பேண்ட்டின் இடுப்பை நாலாக மடித்து அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

இதை என்ன செய்வது என்று தெருவே யோசனை சொன்னது. பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கொடுத்தால் ஒரு எவர்சில்வர் அண்டாவே தருகிறேன் என்றாள். கன்னியப்பனின் மனைவி செல்வாம்பாள் அவளை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

"ஆள் உசுரோட இருக்கும்போது அவரு துணிய மொத்தமா மூட்டை கட்டி வெளிய அனுப்புவாங்களா? அது கருமாதி முடிஞ்சி பண்ற வேலை."

பக்கத்து வீட்டு ராஜாம்பாள் வேறு மாதிரி. "வச்சிருங்கண்ணே, ஒடம்பு திரும்பி வந்துரும். யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்றாள். அப்படிச் சொன்னவளே அந்தப் பக்கம் போய், "மேஸ்திரிக்கு டிபியாம், எத்தனை நாளோ" என்றும் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

செல்வாம்பாள் சொன்னது ஒன்றே ஒன்று: பிடித்துத் தைத்துவிடலாம். அவளுக்கு அந்த வேலை தெரியும். மெயின் ரோட்டில் இருந்த நாராயணசாமியின் தையல் கடையில் பதினோரு வருஷமாகக் காஜா எடுத்து, பட்டன் கட்டுகிறவள். மத்தியானத்தில் கடை சும்மா இருக்கும்போது மிஷினிலும் உட்காருவாள்.

"எல்லாத்தையும் குடுய்யா, ஒரு வாரத்துல பிடிச்சித் தரேன். இந்தக் கோலத்துல உன்ன ரோட்டுல பாக்க முடியல."

"ஒண்ணும் வாணாம். இருக்கற மாதிரி இருக்கட்டும்."

"ஏன்?"

"வாணாம்னா வாணாம்."

அவர் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, இதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம். சர்க்கரை என்ற சொல்லை எடுத்தாலே செல்வாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அதனால் அந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. பேசாமல் இருப்பதுதான் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பிரியம் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் முருகையன். மில்லில் கூட வேலை பார்க்கிறவன், எட்டு வருஷமாகச் சர்க்கரைக்காரன், அதனால் தன்னை அரை டாக்டராக நினைத்துக்கொண்டவன். அவன்தான் சொல்லிக் கொடுத்தான்.

"பஸ் ஸ்டாண்டு மிஷின நம்பாத கன்னியப்பா. அது ஏறுறதுக்கு ஒரு எடை, எறங்குறதுக்கு ஒரு எடை காட்டும். உன் பழைய பேண்ட்தான் உனக்குத் தராசு. வயித்துக்கும் பேண்ட்டுக்கும் நடுவுல ஒரு சாண் கை போவுதா பாரு. போனா நீ பொழச்ச. சாண் குறைஞ்சா சக்கரை திரும்புதுன்னு அர்த்தம். வயித்துலதான் அது ஒளிஞ்சிருக்கும். ஒடனே சாப்பாட்டக் கொற."

கன்னியப்பனுக்கு இது பிடித்துப்போயிற்று. தினமும் காலையில் பேண்ட் போட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். ஒரு சாண் போகும். நிம்மதியாக சைக்கிளை எடுப்பார்.

ஆனி மாதம் ஒரு நாள் சாண் போகவில்லை. கட்டைவிரல் தட்டியது.

தப்பாகப் பார்த்திருப்போம் என்று அடுத்த பேண்ட்டை எடுத்துப் போட்டார். அதிலும் தட்டியது. துணி சுருங்கியிருக்குமோ என்று ஒரு யோசனை வந்தது. வேறு யாராக இருந்தாலும் அதையே நம்பி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். இவர் முப்பது வருஷம் மில்லில் துணியோடு வாழ்ந்தவர். துணி சுருங்கினால் முதல் இரண்டு துவைப்பில் சுருங்கும், ஆறு வருஷம் துவைத்து நைந்த துணி இனிமேல் எங்கே சுருங்கும்? தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தொல்லை. துணி சுருங்கவில்லை என்றால் வயிறுதான் பெருத்திருக்கிறது. காலையில் நாலு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இரண்டோடு எழுந்தார்.

ஆடியில் இன்னும் குறைந்தது. சாயங்காலச் சுண்டலை விட்டார். ஆவணியில் நாலு விரல்தான் போயிற்று. மத்தியானச் சோற்றில் பாதியை மில் காம்பவுண்டு நாய்க்குப் போட்டார்.

குழப்பம் இதோடு நிற்கவில்லை. அரைஞாண் கயிறு நழுவியது. இடுப்பில் நிற்க வேண்டியது இறங்கி வந்தது. பேண்ட் இறுகுகிறது, கயிறு தளர்கிறது. ஒரே இடுப்பு, இரண்டு சாட்சி, இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பேசுகிறது. எதை நம்புவது? தினமும் குளிக்கிற தண்ணீரில் ஊறிக் கயிறு நீண்டிருக்கும் என்று புதுக் கயிறு வாங்கிக் கட்டினார். ஒரு மாதத்தில் அதுவும் நழுவியது. முருகையனிடம் கேட்டார்.

"கயிறு கெடக்குற எடம் வேற, வயிறு வேற. அரைஞாணப் பார்த்தா வைத்தியம் பண்ணுவாங்க? பேண்ட்டப் பாரு" என்று முருகையன் தீர்ப்புச் சொன்னான்.

இன்னொரு விசித்திரமும் நடந்தது. பின் பாக்கெட்டில் சீப்பை எடுக்கக் கையைக் கொண்டுபோனால் பாக்கெட் அங்கே இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது. இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற சீப்பு. பாக்கெட்டே இடம் மாறுகிற அளவுக்குப் பின்பக்கமும் பெருத்துவிட்டதா? சர்க்கரையில் மூளையும் குழம்புமோ என்று ஒரு பயம் வேறு சேர்ந்துகொண்டது.

பஸ் ஸ்டாண்டு மிஷினிலும் ஏறிப் பார்த்தார். அறுபத்திரண்டு என்று அட்டை வந்தது. நம்பாமல் இன்னொரு காசு போட்டார், அறுபத்தேழு வந்தது. அட்டையின் பின்னால் 'உங்களைக் கண்டு பலர் பொறாமைப்படுவர்' என்று போட்டிருந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டார்.

போதாததற்கு ராஜாம்பாள் வாசலில் நிறுத்தி, "அண்ணே, இப்ப சட்டையெல்லாம் கச்சிதமா நிக்கிது. நல்லா தேறிட்டீங்க" என்றாள். அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னாள். கன்னியப்பன் குனிந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்குத் தேறியதெல்லாம் சர்க்கரை. அன்றோடு மத்தியானச் சோற்றை முழுதாக விட்டார். புரட்டாசி மாதம் என்பதால், "விரதமாய்யா?" என்று செல்வாம்பாள் கேட்டாள். "ஆமா" என்றார். ஐப்பசியிலும் அந்த விரதம் முடியவில்லை. ராத்திரிச் சப்பாத்தியில் ஒன்றே ஒன்றுதான் சாப்பிட்டார். கன்னம் குழி விழுந்தது, மணிக்கட்டு எலும்பு துருத்தியது. கண்ணாடியில் முகம் மெலிந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் பேண்ட் இறுக்குகிறதே! மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டார்.

கார்த்திகை முதல் வாரம். காலை ஷிப்டு சங்கு ஊதியாயிற்று. அவசரமாகப் பேண்ட்டைப் போட்டுக் கையை விட்டார். இரண்டு விரல்தான் போயிற்று. செல்வாம்பாள் தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல், மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நெல்லித்தோப்பு தாண்டுவதற்குள் கை நடுங்கியது. சட்டை நனைந்தது. எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. எந்த லாரிக்கு வழி விடுவது என்று யோசித்துக்கொண்டே ரோட்டோரத்தில் சைக்கிளோடு விழுந்தார்.

நல்ல வேளை, லாரிக்காரன் பிரேக் போட்டான். அவனே தூக்கிப்போட்டுக்கொண்டு கோரிமேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

செல்வாம்பாள் போய்ச் சேர்ந்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் கண் விழித்திருந்தார். அதே டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அம்பத்தோரு கிலோ! யாருங்க உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது? மாத்திரையும் போட்டுக்கிட்டு சாப்பிடாமலும் இருந்தா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தா உங்க உயிர் போயிருக்கும், தெரியுமா?"

கன்னியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லம்மா, எனக்கு ஒடம்பு போடுது" என்றார்.

"என்னது?"

"பேண்ட் இறுகுதும்மா. ஆனி மாசத்துலேர்ந்து இறுகுது. மொதல்ல ஒரு சாண் கை போச்சு, இன்னிக்குக் காலையில ரெண்டு விரல். சாப்பாட்டக் கொறைக்கறேன் கொறைக்கறேன், அது பாட்டுக்கு இறுகுது."

டாக்டரம்மா அவர் விலாவைப் பார்த்தார். எண்ணிவிடலாம் போல இருந்தது. கட்டில் கம்பியில் தொங்கிய காக்கி பேண்ட்டைப் பார்த்தார். இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அந்தம்மா முகத்தில் ஓடியது. கன்னியப்பனுக்கும் அதே சந்தேகம் இருந்ததால் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கால்மாட்டில் நின்ற செல்வாம்பாள் மெல்ல, "நாந்தாம்மா பிடிச்சேன்" என்றாள்.

"எதைப் பிடிச்சீங்க?"

"பேண்ட்ட. சட்டையையும்."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் எல்லாம் வந்தது. கேட்டால் வேண்டாம் என்கிறார், ஊரோ டிபி என்கிறது. துவைக்கப் போடும்போது ஒவ்வொரு மாதமும் எல்லாவற்றையும் நாராயணசாமி கடைக்கு எடுத்துப்போய் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலமாக உள்பக்கம் பிடித்துத் தைத்தாள். ஒரேயடியாகப் பிடித்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தாள். எவ்வளவு பிடித்தாலும் அவள் நினைத்த அளவுக்குக் கச்சிதமாக நிற்கவில்லை. அது ஏன் என்று அவளுக்கும் விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்தாள்.

"எங்கப்பா கடைசி ஆறு மாசம் அப்படித்தாம்மா சட்டைக்குள்ள தொங்கினாரு. இவரும் அப்படி நின்னா என்னால பாக்க முடியல."

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதா சிரிப்பதா என்று அந்தம்மாவுக்கே தெரியவில்லை. கடைசியில், "மாசம் ஒரு தடவை இங்க வந்து எடை பாருங்க. பேண்ட்டைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். கன்னியப்பனுக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். ஐந்து மாதம் தன்னைப் பைத்தியக்காரனாக்கிவிட்டாளே என்று நெஞ்சு கொதித்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் கொட்டினார். ஒரு பேண்ட்டை எடுத்து உள்புறம் வெளியே வரத் திருப்பினார்.

பின்பக்க மூட்டில் ஐந்து தையல், ஒன்றுக்கு உள்ளே ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. காக்கிக்குக் காக்கி நூல், கோணல் இல்லாத தையல். முப்பது வருஷம் துணி பார்த்தவருக்கு அது எவ்வளவு பொறுமையாகப் போட்ட தையல் என்று தெரியும். ஆறு பேண்ட்டிலும் ஐந்து ஐந்து. ஒன்பது சட்டையிலும் இரண்டு பக்கமும். கடையில் மற்றவர்களெல்லாம் சாப்பிட்டுத் தலை சாய்க்கிற நேரத்தில் இவள் இதைச் செய்திருக்கிறாள்.

வெளி ஓரத்துத் தையலில் விரலை வைத்தார். "இது எப்ப?"

"ஆனி."

"அப்பத்தான் ரெண்டு இட்லிய விட்டேன்."

அவர் விரல் அடுத்த தையலுக்குப் போயிற்று.

"ஆடி" என்றாள்.

"சுண்டல்."

"ஆவணி. உனக்குத் தெரிஞ்சிடுமோன்னு அன்னிக்கெல்லாம் பயந்துகிட்டே இருந்தேன்."

"பாதிச் சோறு. நாய்க்குப் போட்டேன்."

"நான் கட்டிக் குடுத்த சோத்தையா?"

"ஆமா."

நாலாவது தையலுக்கு அவர் விரல் போனபோது செல்வாம்பாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. கன்னியப்பனின் கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. தன்னைக் கொல்லப் பார்த்த தையல் இதுதான் என்று தெரிகிறது, அதைத் தடவிக்கொடுக்கவும் தோன்றுகிறது. இது என்ன கண்றாவி மனசு என்று உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி சொல்லல?"

"நீ ஏன்யா சொல்லல?"

அவள் எழுந்து சோறு வடித்தாள். டாக்டரம்மா சொன்ன அளவு போட்டாள். அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி இரண்டு பேரும் நாராயணசாமி கடைக்குப் போனார்கள். ஊரறிய, பகலில், சேர்ந்து போனார்கள். நாராயணசாமிக்கு விஷயம் முழுவதும் தெரியும், அவர் மிஷினில்தானே நடந்தது. குற்றவாளிபோலத் தலையைச் சொறிந்துகொண்டே நாடாவை எடுத்து அளந்தார். "இடுப்பு இருபத்தேழு" என்று உரக்கச் சொன்னார். அந்த எண்ணைக் கேட்டுச் செல்வாம்பாள் வேறு பக்கம் பார்த்தாள்.

"பிரிச்சி வெட்டிப் புதுசாவே தைச்சிடறேன் மேஸ்திரி. உள்ள எவ்ளோ துணி விடட்டும்?"

"நாலு அங்குலம் விடு."

"நாலா? வளர்ற பிள்ளைங்களுக்குத்தான் அப்படி விடுவோம். உங்களுக்கு நாப்பத்தேழு ஆவுது."

"வளரணும். பத்துப் பன்னண்டு கிலோ வளரச் சொல்லியிருக்காங்க."

நாராயணசாமி சிரித்தார். பிறகு சும்மா இருக்க முடியாமல், "வளர்ந்து இறுகினா? மறுபடியும் பட்டினியா?" என்று கேட்டுவிட்டார்.

கன்னியப்பன் திரும்பிப் பார்த்தார். செல்வாம்பாள் வழக்கமான தன் முக்காலியில் உட்கார்ந்து, ஊசியில் காக்கி நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்ததால் நூல் காதுக்குள் போகாமல் வழுக்கியது.

"இறுகினா மொதல்ல இவளத்தான் கேப்பேன்" என்றார். ஊசியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே கோத்துக் கொடுத்தார்.